பருத்த உடம்பிலும் பசி இருக்கும்



மலையிலிருந்து தேயிலை கீழே போகிறது. கடலிலிருந்து கருவாடு மேலே வருகிறது. நம்முடைய லயத்து அடுப்பில் வதங்கும் கருவாட்டில் கிழக்குக் கரையில் காய்ந்ததும் உண்டு. அந்தக் கரையில் சுபஹுத் தொழுகை முடிந்து வந்து குடிக்கும் தேத்தண்ணியில் நாம் பறித்த கொழுந்தின் சாயம் இருக்கிறது. முகம் பாராமலே ஒருவர் சாப்பாட்டில் ஒருவர் கலந்துதான் இருக்கிறோம்.

அண்மையில் அம்பாறைக் கரையோரம் போய்வந்தோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் இடம். அங்கே ஒரு வளவில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு மூத்தம்மா (அந்தப் பக்கம் பாட்டியை அப்படித்தான் சொல்வார்கள்) எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். இந்தக் கட்டுரையே அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

மூத்தம்மாவுக்கு நல்ல பருமனான உடம்பு. முழங்கால் வலி. கையில் கிளினிக் கொப்பி. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் குளிசை எடுக்கிறார். அரசாங்க உதவிப் பட்டியலில் அவருடைய பெயர் வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் அவர் மனம் நொந்து பேசினார்.

"என்ட உடம்பப் பாத்துப்போட்டு, இவளுக்கு எதுக்கு நிவாரணம் எண்டு கேக்கிறாங்க மகள். நான் என்னத்தத் திண்டு பெருத்த? சோறும் சம்பலும் தேத்தண்ணியும்தானே. இறச்சி எண்டா பெருநாளைக்கு. வகுறு நெறஞ்சாப் போதும் எண்டுதான் வாழ்ந்த. அப்ப எப்புடி இந்த உடம்பு வந்த?"

பக்கத்தில் அவருடைய பேத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். மூன்று வயது. மெலிந்த கை, மெலிந்த கால். அவளுடைய வளர்ச்சி அட்டையில் கோடு இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழே ஓடுகிறது என்று குடும்பநல உத்தியோகத்தர் திரிபோஷ கொடுத்திருக்கிறார். ஒரே வீடு, ஒரே உலை, ஒரே சட்டி. அந்த வீட்டில் மூத்தம்மா பருமன், பேத்தி மெலிவு.

இது எப்படி நடக்கிறது? மூத்தம்மாவின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடுவோம். விடையில் பாதி நம்முடைய லயத்திலும் இருக்கிறது என்பதைப் பிறகு பார்ப்பீர்கள்.

பருமன் பணக்காரர் வருத்தமா?

"வசதி வந்தா தொந்தி வரும்" என்று நாம் சொல்வோம். ஒரு காலத்தில் அது சரியாகவே இருந்தது. இன்றும் நம் நாட்டில் வசதியானவர்களிடையேதான் பருமன் கூடுதல். ஆனால் அது இப்போது ஏழை வீட்டு வாசலையும் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

2016ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் 15 முதல் 49 வயது வரையான, திருமணமான பெண்களில் 100 பேரை எடுத்தால் ஏறத்தாழ 45 பேர் தங்கள் உயரத்துக்கு ஏற்ற எடையைவிடக் கூடிய எடையில் இருந்தார்கள். அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குட்டையாக இருந்தார்கள். தோட்டப் பகுதிகளில் அது 100க்கு 31ஐத் தாண்டியது.

தாய்மாரில் பாதிக்கு அருகில் அதிக எடை. பிள்ளைகளில் ஆறில் ஒன்று வளர்ச்சி குறைவு. இரண்டும் ஒரே நாட்டில், பல இடங்களில் ஒரே வீட்டில். இதைப் போஷாக்கின் இரட்டைச் சுமை என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: வயிறு நிறைகிறது, ஆனால் உடம்புக்குத் தேவையானது போய்ச் சேரவில்லை.

நீரிழிவின் கதையும் இதோடு சேர்ந்தது. 2005-2006இல் நாடளாவிய ரீதியில் நடந்த ஆய்விலேயே வயதுவந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இன்னும் பத்தில் ஒருவர் அதற்கு முந்திய படியில் நின்றார். பட்டணங்களில் இது இன்னும் கூடுதல்.

நிவாரணப் பையில் என்ன இருந்தது?

உதவி என்று நம் நாட்டில் என்னென்ன கொடுத்தார்கள் என்பதைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

1942இல் யுத்த காலத்தில் அரிசிக் கூப்பன் வந்தது. அரிசிதான் அரசியல். 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது, ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடே ஹர்த்தால் செய்தது. அந்த ஆண்டே பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். பின்பு அரிசி இலவசமாகவும் வந்தது. 1979இல் கூப்பன் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. அதற்கு அரிசி, கோதுமை மா, பாண், சீனி, பருப்பு, கருவாடு, பால்மா போன்றவற்றை வாங்கலாம். 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி. சமுர்த்தி நீண்ட காலம் தோட்டக் குடும்பங்களில் பெரும்பாலானோருக்குக் கிடைக்கவே இல்லை என்பது நமக்குத் தெரிந்த கதை. 2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியது. காசு நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது.

கிழக்குக் கரைக்கு இன்னொரு கதையும் உண்டு. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கு உலருணவு நிவாரணம். பிறகு 2004 டிசம்பர் 26. அன்றைய சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். 10,000க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரம் தரைமட்டமானது. தப்பியவர்கள் கூடாரங்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் இருந்தார்கள். அவர்களுக்கு உலக உணவுத் திட்டத்தின் மூலம் அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி கொடுத்தார்கள்.

அந்தப் பை உயிர் காத்தது. அதில் சந்தேகமே வேண்டாம். கடலும் வள்ளமும் அடுப்பும் போன பிறகு, கெட்டுப்போகாத, மூட்டையில் கட்டி லொறியில் ஏற்றக்கூடிய சாமானைத்தான் கொடுக்க முடியும். கீரையையும் மீனையும் முட்டையையும் கப்பலில் அனுப்பி களஞ்சியத்தில் அடுக்க முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆண்டு மாறியது, ஆட்சி மாறியது, திட்டத்தின் பெயர் மாறியது. பையின் அடி மட்டும் மாறவில்லை: அரிசி, மா, சீனி. கோதுமை மாவுக்கு "அமெரிக்கன் மா" என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர்கூட உதவிக் கப்பலில் வந்த மாவினால் வந்த பெயர்தான். நிவாரணத்துக்காக வந்த சாப்பாடு மெல்ல மெல்ல நம்முடைய சாப்பாடாகிவிட்டது. கையில் காசு வந்த பிறகும் கடைக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்கிறோம்.

உடம்பு எப்படிப் பெருக்கிறது? மூன்று காரணங்கள்

முதலாவது, காசுக்கு ஏற்ற கலோரி. உடம்புக்குச் சக்தி வேண்டும். அதைக் கலோரி என்று அளப்பார்கள். குறைந்த காசில் நிறையக் கலோரி தருவது மா, அரிசி, சீனி, மலிவான எண்ணெய். காசு குறையக் குறைய, மீனும் முட்டையும் மரக்கறியும் சட்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். சோறு மட்டும் கூடும். கறி குறைந்தால் சோறு இறங்காது. அதற்கு உப்பும் உறைப்பும் போட்ட சம்பல் வேண்டும். உறைப்புக்கு இனிப்பான தேத்தண்ணி வேண்டும். வயிறு நிறைந்துவிடும். ஆனால் தசைக்கு வேண்டிய புரதமும், இரத்தத்துக்கு வேண்டிய இரும்புச் சத்தும், மற்ற விற்றமின்களும் போதாமல் நிற்கும். அதனால்தான் பருமனான பெண்ணுக்கும் இரத்தச்சோகை இருக்கிறது.

இரண்டாவது, உடம்பின் ஞாபகம். வயிற்றில் இருந்தபோதே பட்டினி கண்ட உடம்பு, கிடைத்ததைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கப் பழகிவிடுகிறது. 1944-45 குளிர்காலத்தில் யுத்தத்தினால் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் வந்தது. அப்போது கருவின் முதல் மாதங்களில் இருந்த ஆண் பிள்ளைகள் 19 வயது வாலிபர்களானபோது, அவர்களிடையே பருமன் கூடுதலாகக் காணப்பட்டது. நிறை குறைந்து, அதாவது 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் நீரிழிவும் இருதய வருத்தமும் வரும் வாய்ப்பு கூட என்று அதற்குப் பிந்திய ஆய்வுகளும் சொல்கின்றன. கஷ்டத்தில் பிறந்து, பிறகு மாவிலும் சீனியிலும் வளர்ந்த உடம்பு இது. இதைப் பார்த்து "தின்று கொழுத்தது" என்று சொல்வது எவ்வளவு தவறு!

மூன்றாவது, போன வேலை. மூத்தம்மா சின்ன வயதில் உரலில் நெல் குத்தினார். கிணற்றில் தண்ணீர் அள்ளினார். பன் பறித்து வந்து பாய் இழைத்தார். இன்று நெல்லை மில் குற்றுகிறது, தண்ணீர் குழாயில் வருகிறது, பாய் கடையில் வருகிறது. கஷ்டம் குறைந்தது நல்லதுதான். ஆனால் நெல் குத்திய நாளில் சாப்பிட்ட அளவு சோறு இன்றும் கோப்பையில் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கரையிலிருந்து உள்ளே தள்ளிக் குடியேறிய வீடுகளில் பலவற்றுக்கு வளவும் இல்லை. முருங்கை நட இடமில்லை, கோழி வளர்க்க இடமில்லை. வாசலில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஆட்டோவில் பணிஸ் வாங்குவது சுலபம். கீரை ஆய்வது நேரம் பிடிக்கிற வேலை.

ஆகவே மூத்தம்மாவின் கேள்விக்கு விடை இதுதான். நிவாரணம் எடுத்ததால் உடம்பு பெருக்கவில்லை. நிவாரணத்தில் எது இருந்தது, எது இல்லை என்பதால் பெருத்தது. பசி வேறு முகம் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெளிநாடுகளில் என்ன கண்டார்கள்?

இது நம்முடைய கரையில் மட்டும் நடந்ததல்ல.

எகிப்தில் அரசாங்கம் ஒரு ரொட்டியை 1980களின் இறுதியிலிருந்து 2024 நடுப்பகுதி வரை 5 பியாஸ்டருக்கே கொடுத்தது. அதாவது அந்நாட்டுப் பவுணில் இருபதில் ஒரு பங்கு. பஞ்சம் வரவில்லை. ஆனால் பருமனான பெண்கள் மிகக் கூடுதலாக உள்ள நாடுகளில் எகிப்தும் ஒன்று. மெக்சிகோவின் ஏழைக் கிராமங்களில் சில வீடுகளுக்கு உணவுப் பொதியும், சில வீடுகளுக்கு அதற்கு ஈடான காசும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வகையிலும் பெண்களின் எடை ஏறியது. ஏற்கெனவே பருமனாக இருந்தவர்களுக்கே கூடுதலாக ஏறியது.

இதைக் கேட்டுச் சிலர், "அப்படியென்றால் உதவியை நிறுத்திவிடலாமே" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். இன்னும் இரண்டு கதைகளைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் ஏழைத் தாய்மாருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஓர் உணவு உதவித் திட்டம் உண்டு. 2009இல் அந்தப் பொதியை மாற்றினார்கள். பழச்சாற்றைக் குறைத்தார்கள், மரக்கறி, பழம், தவிடு நீக்காத தானியம் சேர்த்தார்கள். அந்தத் திட்டத்தில் இருந்த 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளில் பருமனானவர்கள் 2010இல் 100க்கு 15.9 ஆக இருந்து, 2016இல் 13.9 ஆகக் குறைந்தார்கள். பொதி மாறியதே முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நல்ல திசையில்தான் போயிருக்கிறது. அதே நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2011-12இல் இன்னொன்று செய்து பார்த்தார்கள். உதவி பெறும் குடும்பம் ஒரு டொலருக்கு மரக்கறியோ பழமோ வாங்கினால், 30 சதம் திரும்பக் கொடுத்தார்கள். யாரையும் ஏசவில்லை, எதையும் தடுக்கவில்லை. அந்தக் குடும்பத்தினர் மற்றவர்களைவிட நாலில் ஒரு பங்கு கூடுதலாகப் பழமும் மரக்கறியும் சாப்பிட்டார்கள்.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் புதிதல்ல. 1973இல் தொடங்கிய திரிபோஷ, சோளமும் சோயாவும் பால்மாவும் விற்றமின்களும் சேர்ந்த மா. 2015இல் கர்ப்பிணித் தாய்மாருக்கு மாதம் 2,000 ரூபா வீதம் 10 மாதங்களுக்குப் போஷாக்குக் கொடுப்பனவு தொடங்கியது. வயிறு நிறைவது மட்டும் போதாது, எதனால் நிறைகிறது என்பதும் முக்கியம் என்று தெரிந்து செய்தவை இவை.

உதவியைக் குறைத்தால் முதலில் சட்டியிலிருந்து போவது மீனும் பருப்பும்தான், மா போகாது. அதனால் பருமன் குறையாது, பேத்தியின் கைதான் இன்னும் மெலியும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அஸ்வெசுமவுக்குக் குடும்பங்களைத் தெரிவு செய்ய 22 அளவுகோல்கள் வைத்தார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்பத்தின் அமைப்பு என்று பார்த்தார்கள். உடம்பின் பருமன் என்று ஓர் அளவுகோல் அதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் உடம்பைப் பார்த்து அவருடைய அடுப்பை அளக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

சரி, இது நமக்கு எதற்கு?

இப்போது மலைக்கு வருவோம். "நம்ம ஆளுக எல்லாம் மெலிஞ்சுதானே இருக்காங்க" என்று நினைப்பீர்கள். மற்றப் பகுதிகளோடு பார்த்தால் தோட்டத்தில் பருமன் குறைவுதான். ஆனால் நம்முடைய பையில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

முன்பு தோட்டத்திலேயே அரிசியும் மாவும் கொடுத்து, சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அன்று தொடங்கிய மாவு ரொட்டிப் பழக்கம் இன்றும் விட்டபாடில்லை. காலையில் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி, சில நாள் இராவும் ரொட்டி. தொட்டுக்கொள்ளச் சம்பல். குடிக்க இனிப்புத் தேத்தண்ணி. கரையில் மூத்தம்மாவின் சாப்பாடு இதுவேதான். அங்கே சோறு, இங்கே ரொட்டி.

கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறி இறங்கும் வரை உடம்பு அதை எரித்துவிடுகிறது. பேர் நின்ற பிறகு? பென்சன் எடுத்து வீட்டில் இருக்கும் அம்மாக்களைப் பாருங்கள். கொழும்புக் கடையிலும் வீட்டிலும் வேலைக்குப் போன பிள்ளைகளைப் பாருங்கள். ஏற்ற இறக்கம் போய்விட்டது, ரொட்டியும் சீனியும் போகவில்லை. நம் பிள்ளைகளிலும் நிறை குறைந்து பிறந்தவர்கள் அதிகம். உடம்பின் ஞாபகம் என்று முன்பு சொன்னோமே, அது இங்கேயும் இருக்கிறது. கல்முனையில் இன்று கிளினிக் வரிசையில் நிற்பதைப் பார்த்தோம். நாளை நம்முடைய டிஸ்பென்சரி வாசலில் அந்த வரிசை நீளக்கூடாது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 5 கிராம். ஒரு கோப்பைக்கு மூன்று கரண்டி, ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் 15 கரண்டி. அதாவது 75 கிராம். மாதத்துக்கு இரண்டேகால் கிலோ, அதுவும் ஒருவருக்கு மட்டும்! உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னபடி, ஒரு பெரியவர் எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து நாளைக்கு 50 கிராமுக்குள் நிற்பது நல்லது. 25 கிராமோடு நின்றால் இன்னும் நல்லது.

நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு கரண்டி ஆக்கினால், மாதத்துக்கு ஆறு கிலோ சீனி மிச்சம். அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று அடுத்த முறை கடையில் கணக்குப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு கயிறு போதும்

பருமனை அறிய பெரிய மெஷின் தேவையில்லை. ஒரு கயிற்றை எடுத்து உங்கள் உயரத்தை அளந்து, அதைச் சரி பாதியாக மடியுங்கள். அந்தப் பாதிக் கயிறு தொப்புள் மட்டத்தில் உங்கள் இடுப்பைச் சுற்றி வருகிறதா? வந்தால் நல்லது. வராவிட்டால் வயிற்றுக் கொழுப்பு கூடிவிட்டது என்று அர்த்தம். நாடா இருந்தால், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் எல்லை. கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

எடைக் கணக்கும் ஒன்று சொல்கிறோம். 150 சென்ரிமீற்றர் உயரமான பெண் 42 கிலோவுக்கும் 52 கிலோவுக்கும் இடையில் இருப்பது நல்லது. நம் ஆசிய உடம்புக்குக் கொஞ்சம் கூடினாலே ஆபத்து தொடங்கிவிடுகிறது. வெள்ளைக்காரர்களுக்கு வைத்த எல்லை நமக்குப் பொருந்தாது.

வீட்டில் செய்யக்கூடியவை

1. உதவிக் காசோ சம்பளமோ கையில் வந்தவுடன், முதலில் பருப்பு, பயறு, கௌபி, கடலை, முட்டை, நெத்தலி வாங்குங்கள். மாவும் சீனியும் கடைசியில். மிஞ்சின காசுக்கு மீன் என்றால், மீன் ஒருநாளும் வராது.

2. ரொட்டி மாவில் பாதிக்குக் குரக்கன் மா சேருங்கள். கொஞ்சம் தேங்காய்ப்பூவும் நறுக்கிய முருங்கையிலையும் போட்டுப் பிசையுங்கள். ரொட்டி இரண்டோடு வயிறு நிற்கும்.

3. கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும். கால்வாசி பருப்பு, மீன் அல்லது முட்டை. கால்வாசி சோறு அல்லது ரொட்டி. ஒரே நாளில் முடியாது. வாரத்துக்கு ஒரு அகப்பை சோறு குறைத்தால் போதும்.

4. லயத்து ஓரத்தில் வல்லாரை, பொன்னாங்காணி, கறிவேப்பிலை. இடமில்லாவிட்டால் பழைய வாளியிலும் மாப் பையிலும் வளர்க்கலாம்.

5. கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். உப்புக் குறையும். பிரஷர் உள்ளவர்கள் கட்டாயம் செய்யவேண்டியது.

6. திரிபோஷ யார் பேருக்கு வந்ததோ அவருக்கே கொடுங்கள். உருண்டை பிடித்து வீடு முழுக்கப் பங்கு போட்டால், மெலிந்த பிள்ளை மெலிந்தே இருக்கும். பெரியவர்களுக்கு மட்டும் எடை கூடும்.

7. போத்தல் சோடா பிள்ளைக்கு வேண்டாம். 2016 முதல் போத்தலில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் இருக்கிறது. சிவப்பு என்றால் சீனி அதிகம். எழுத்துத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும்.

8. பேர் நின்றவர்கள் ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடங்கள். கோயிலுக்கோ கடைக்கோ, இரண்டு பேராகச் சேர்ந்து போனால் கால் வலி தெரியாது.

பட்டினி கிடக்கலாமா?

கூடாது. காலையில் பட்டினி கிடந்து மத்தியானம் இரண்டு மடங்கு சாப்பிடுவதால் உடம்பு மெலியாது. சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரும்; உயிருக்கே ஆபத்து. நோன்போ விரதமோ பிடிப்பதானால், முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு, குளிசையின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். "மெலிய வைக்கும்" என்று விற்கும் தூளையும் குளிசையையும் தொடவேண்டாம். 35 வயது தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது அரசாங்க வைத்தியசாலையில் சீனியும் பிரஷரும் பாருங்கள். 2011 முதல் இதற்கென்றே ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களைத் திறந்து வந்திருக்கிறார்கள். காசு இல்லை.

மூத்தம்மாவுக்குச் சொன்னது

இவ்வளவையும் அந்த வளவில் உட்கார்ந்து மூத்தம்மாவுக்குச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அப்ப நான் களவெடுத்துத் திண்ட மாதிரிக் கதைக்கிறது பொய்தானே மகள்?" என்றார். பொய்தான் என்றோம். முகம் கொஞ்சம் தெளிந்தது.

பிறகு மருமகளைக் கூப்பிட்டு, எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். "சீனி ஒரு கரண்டி போடு. எனக்கும் அப்புடித்தான்" என்றார். பேத்திக்கு அன்று ஒரு அவித்த முட்டை வந்தது. மூத்தம்மா அதை நாலாக நறுக்கி, தான் ஒன்றும் எடுக்காமல், பிள்ளைக்கே ஊட்டினார். நாலில் ஒன்றை நீங்களும் சாப்பிடலாம், உங்கள் உடம்புக்கும் அது வேண்டும் என்று சொன்னோம். சிரித்துக்கொண்டே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

தேத்தண்ணியில் சீனி குறைவாக இருந்ததால் நம்முடைய கொழுந்தின் ருசி நன்றாகத் தெரிந்தது. அதைப் பறித்தவர்களுக்கும் இந்தச் செய்தியைச் சொல்லவேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தோம். இன்று இராத்திரி அந்தக் கயிற்றை எடுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் அளந்து பாருங்கள். யாரையும் கேலி செய்யாமல் அளந்து பாருங்கள்.